சர்வர் பிராசசர் வேகம் குறைந்தால் ஃபர்ம்வேர் அப்டேட் செய்யலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மார்த்தாண்டத்திலிருந்து வந்திருக்கிறது. முந்திரி ஆலை ஒன்றின் அலுவலகக் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் நேயர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய சர்வரில் ஸியான் சில்வர் 4110 பிராசசர் உள்ளது. மழைக்காலத்தில் மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்த ஒரு நாளுக்குப் பிறகு, கணக்கு மென்பொருள் திறப்பதற்கே சில நிமிடங்கள் ஆகின்றனவாம். விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) அப்டேட் செய்தால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்கிறார், செய்யலாமா என்பதுதான் கேள்வி.

செய்யலாம். ஆனால், வேகத்தைக் குறைப்பது ஃபர்ம்வேர்தானா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே அதில் கை வைக்க வேண்டும். அதை உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். அலுவலகத்தில் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பக்கத்தில் ‘ஸ்பீடு’ என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். உங்கள் பிராசசரின் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ என்ற தற்காலிகக் கூடுதல் வேகத்தில் 3.0 வரை போகும். வேலைப்பளு இருக்கும்போதும் அந்த எண் 0.8 அல்லது அதற்குக் கீழேயே நின்றால், பிராசசரை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பயன்பாட்டுச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். விண்டோஸின் பல பதிப்புகள் அந்தச் சதவீதத்தை அடிப்படை வேகத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுவதால், மூச்சுமுட்ட ஓடிக்கொண்டிருக்கும் பிராசசர்கூட 40 சதவீதம்தான் வேலை செய்வதாகத் தோன்றும். பலர் அதைப் பார்த்துவிட்டு, பிராசசரில் குறையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அடுத்து, விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளுக்குள் சென்று, கெர்னல் பிராசசர் பவர் என்ற மூலத்திலிருந்து 37 என்ற எண்ணுடன் எச்சரிக்கை வந்திருக்கிறதா என்று தேடுங்கள். பிராசசரின் வேகத்தை சிஸ்டம் ஃபர்ம்வேர் கட்டுப்படுத்துகிறது என்பதே அந்த எச்சரிக்கையின் பொருள். உங்கள் விண்டோஸ் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் (மென்பொருளால் உருவாக்கிய கணினிக்குள்) ஓடுகிறதென்றால், இந்தச் சோதனையை அதற்குள் செய்யாமல், அதைத் தாங்கி அடியில் ஓடும் ஹோஸ்ட் கணினியில்தான் செய்ய வேண்டும்.

37 இருந்தால் அடுத்த கேள்வி, ஃபர்ம்வேர் ஏன் கட்டுப்படுத்துகிறது என்பது. இங்கேதான் மழைநாள் மின்வெட்டு முக்கியமாகிறது. பிராசசர் அதிகமாகச் சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள ‘ப்ரோக்ஹாட்’ என்றொரு சமிக்ஞை உண்டு. பல சர்வர்களில் அதே சமிக்ஞையை மதர்போர்டும் வெளியிலிருந்து கொடுக்க முடியும். இரண்டு பவர் சப்ளைகளில் ஒன்று செத்துவிட்டாலோ, மாற்றிப் போட்ட பவர் சப்ளையை சர்வர் அடையாளம் காணாவிட்டாலோ, இருக்கும் மின்சாரம் போதாது என்று கருதி, சர்வரை மேற்பார்வையிடும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு பிராசசரின் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். டெல்லில் ஐடிராக் என்றும், ஹெச்பியில் ஐஎல்ஓ என்றும் சொல்வது அந்தச் சில்லைத்தான். மின்சாரம் சீரான பிறகும் சில நேரங்களில் அந்தக் கட்டுப்பாடு விலகாமல் அப்படியே நின்றுவிடுகிறது. விண்டோஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தச் சில்லு ரீஸ்டார்ட் ஆகாது. மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்தபடியே இருக்கும்.

ஆகவே ஐடிராக் அல்லது ஐஎல்ஓ பக்கத்தில் ஹார்டுவேர் பதிவைப் படித்து, பவர் சப்ளை, மின்விசிறி, வெப்பம் ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கைகளையும், பவர் கேப் என்ற மின்வரம்பு யாராலாவது அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர இடங்களில் இருப்பவர்கள் மின்விசிறிகளை, சர்வரை அணைத்த பிறகு, கழற்றியே பார்த்துவிடுவது நல்லது. உப்புக்காற்று அவற்றை விட்டுவைப்பதில்லை. பிறகு சர்வரை முறையாக அணைத்து, இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் செருகுங்கள். இதிலேயே வேகம் திரும்பிவிட்டால், வேகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது எது என்பது உங்களுக்கு ஐயமின்றித் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் நேராக அப்டேட்டுக்குப் போனால், அப்டேட்டுக்காக சர்வரை அணைத்து மின்கம்பியைக் கழற்றியதால் கிடைத்த பலனுக்கான பெயர்கூட அப்டேட்டுக்குப் போய்ச் சேரலாம். பிறகு அதே சிக்கல் திரும்பக்கூடும்.

அதற்குப் பிறகும் 37 வருகிறது என்றால் அப்டேட்டுக்குப் போகலாம். பொதுவாக முதலில் மேற்பார்வைச் சில்லின் ஃபர்ம்வேர், அடுத்து பயாஸ், தயாரிப்பாளர் வெளியிட்டிருந்தால் சிபிஎல்டி (மதர்போர்டில் உள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சில்லு), பவர் சப்ளை ஆகியவற்றின் ஃபர்ம்வேர் என்ற வரிசையில் செல்லுங்கள். உங்கள் மாடலுக்கான குறிப்பில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பழைய பதிப்பிலிருந்து ஒரே தாவலாகப் புதியதற்குப் போக முடியாத மாடல்களும் உண்டு, அவற்றில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றை முதலில் போட்டாக வேண்டும். பேக்கப் எடுத்து, பயாஸ் அமைப்புகளை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, நல்ல பேட்டரி உள்ள யூபிஎஸ்ஸில் இணைத்த பிறகே தொடங்குங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பருவமழை இரண்டு முறையும் வருவதால், மேகம் கறுத்திருக்கும் மாலையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். முடிந்ததும் பயாஸில் சிஸ்டம் ப்ரொஃபைல் மின்சிக்கன நிலைக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்து, பெர்ஃபார்மன்ஸ் நிலையில் வையுங்கள்.

பயாஸ் அப்டேட்டோடு, பிராசசரின் உள்செயல்பாட்டைத் திருத்தும் மைக்ரோகோடும் சேர்ந்து வரும் என்பதையும் மறக்க வேண்டாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்காக வெளியிட்ட மைக்ரோகோடு சில கணினிகளை எதிர்பாராமல் ரீஸ்டார்ட் செய்ததால், அதை நிறுவ வேண்டாம் என்று இன்டெலே அறிவித்தது. 2023 ஆகஸ்டில் வெளியான, டவுன்ஃபால் என்ற இன்னொரு குறைபாட்டுக்கான திருத்தம், சில வகைக் கணக்கீடுகளைக் கணிசமாகவே மெதுவாக்கியது. பாதுகாப்புக்காக, திரும்பப் பெறப்படாத திருத்தங்களைப் போட்டுத்தான் ஆக வேண்டும். வேகம் கூடும் என்று எதிர்பார்த்துப் போடுவதில் பொருளில்லை.

37 என்ற எச்சரிக்கையே இல்லை, ஸ்பீடு எண்ணும் 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது, ஆனாலும் மென்பொருள் இழுக்கிறது என்றால், பயாஸைத் தொடாமல், பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். அந்தப் பேட்டரி போய்விட்டால் தரவை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துப் பிறகு எழுதும் ரைட் பேக் முறையைக் கார்டு கைவிட்டு, ஒவ்வொரு தரவையும் நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்; கணக்கு மென்பொருள் நீங்கள் சொன்ன அதே விதத்தில் தவழும். பேட்டரியை மாற்றிவிட்டு, ரைட் பேக் மீண்டும் இயங்குகிறதா என்று ரெய்டு கார்டின் அமைப்புப் பக்கத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.