ஒரு சின்னப் பூட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

ரசாயன ஆலையில் எது முக்கியம் என்று கேட்டால், பெரிய தொட்டியையும் உயரமான கோபுரத்தையும்தான் காட்டுவார்கள். உற்பத்திக்கு அவை முக்கியம், சரி. உயிரைக் காக்கும் கருவி எது என்று அறிய நான் கேட்கும் கேள்வி வேறு: இன்று ராத்திரி இது வேலை செய்யாமல் போனால் யாருக்காவது தெரியுமா? பம்பு நின்றால் உடனே தெரிந்துவிடும். வருஷக்கணக்கில் திறக்காத பாதுகாப்பு வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், தேவைப்படும் நாள்வரை தெரியாது.

2005 டிசம்பர் 11, ஞாயிறு. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கு. 912ஆம் எண் தொட்டியில் மணிக்கு ஏறக்குறைய 5,50,000 லிட்டர் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 3 மணி வாக்கில் மட்டம் காட்டும் மானி நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறுகிறது, திரையில் எண் அசையவில்லை. மானி ஏமாற்றினாலும் காப்பாற்றத் தொட்டியின் உச்சியில் தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது. பெட்ரோல் அங்கே எட்டியதும் அலாரம் அடித்து, வரத்தை நிறுத்துவது அதன் வேலை. அதுவும் பேசாமல் இருந்தது.

காரணம், ஒரு பூட்டு. சுவிட்சைச் சோதிக்க ஒரு கைப்பிடி உண்டு. அது சரியான நிலையில் நிற்க ஒரு சின்னப் பூட்டு போட வேண்டும். யாரும் கைவைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று நினைத்து, மாட்டாமல் விட்டுவிட்டார்கள். 5.37க்குப் பெட்ரோல் வழிந்தது, 6.01க்கு வெடித்தது. 40 பேருக்கு மேல் காயம். விடுமுறை நாள் விடியற்காலை, பக்கத்து அலுவலகங்கள் காலி, யாரும் சாகவில்லை.

ஆகவே உங்கள் ஆலையில் உயிரைக் காக்கும் கருவிகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள், அதில் சுவிட்சோடு பூட்டையும் எழுதுங்கள். எப்போது சோதித்தோம், கழற்ற யார் அனுமதிப்பது என்பதும் அதில் இருக்கட்டும். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். கருவிகள் இருந்தன, அந்த ராத்திரிக்கு உதவவில்லை.

அப்புறம், பராமரிப்பு நோட்டையும் புரட்டுங்கள். பன்ஸ்ஃபீல்டின் அந்த மானி விபத்துக்கு முந்தைய மூன்றரை மாதத்தில் 14 முறை ஒட்டிக்கொண்டது. சில தடவை மேற்பார்வையாளர்களே அதை உச்சிவரை தூக்கி, மறுபடி இறங்கவிட்டுச் சரிசெய்தார்கள். சில தடவை அது பழுது என்றே நோட்டில் ஏறவில்லை.