முதலில் கடலைத் தேடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சார ரயிலில் 'பரங்கிமலை' என்ற நிலையப் பெயரை நாள்தோறும் கேட்டும், அந்த மலை மேல் ஒருமுறைகூட ஏறாத சென்னைவாசிகள் ஏராளம். உயரம் ஏறத்தாழ 300 அடிதான். வண்டி போகும் சாலை உண்டு. ஆனாலும் படி வழியாகவே ஏறுங்கள் என்பேன். அந்தப் படிகளை அமைத்துக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் 1726-ல் பாலம் கட்டியவரும் அவரே. ஆற்றைக் கடக்கவும் மலையில் ஏறவும் ஒரே மனிதர் வழி செய்திருக்கிறார். உச்சியில் புனித தோமையார் ஆலயம். அங்கே சற்று அமைதியாக நின்றுவிட்டு, பிறகு சுற்றுச்சுவர் அருகே வாருங்கள்.

நான் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன். ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். மேலே போனதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைத்தான் தேடும். கிடைக்காது. மொட்டைமாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளுமாக எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். "வீட்டை விடுங்கள், முதலில் கடலைத் தேடுங்கள்" என்பேன். கிழக்கே கடல். அதற்கு இப்பால் பசுந்திட்டாகக் கிண்டிக் காடு. வடக்கே அடையாறு. தென்மேற்கே விமான ஓடுதளம். இந்த நான்கையும் பிடித்துக்கொண்டால் உங்கள் தெரு தானாக வந்து சேரும். ஒரு மாணவி இப்படித்தான் தன் தெருமுனைக் கோயில் கோபுரத்தைக் கண்டுபிடித்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பெரியதிலிருந்து சிறியதற்கு வருவது. நில அளவைக்காரர்களின் முதல் பாடமும் அதுதான். இந்தியாவில் அந்தப் பாடத்தை மாபெரும் அளவில் செய்துகாட்டிய வேலை இந்த மலையடியில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி இங்கே அடிக்கோட்டை, அதாவது மற்ற எல்லா அளவுகளுக்கும் அடிப்படையான முதல் நேர்கோட்டை, அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். கருவி, நூறு அடி எஃகுச் சங்கிலி. நம் ஊர்ச் சித்திரை வெயிலை எண்ணிப் பாருங்கள்! சூட்டில் எஃகு நீளும். நீண்டால் கணக்குப் பிசகும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, நீண்ட அளவுக்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். ஏறத்தாழ நானூறு முறை சங்கிலியை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து.

ஒரு கோட்டுக்கு ஏன் இத்தனை பாடு? முக்கோணத்தின் ஒரு பக்க நீளமும், அதன் இரு முனைகளின் கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களை நடக்காமலே சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. அப்படியே நாடு முழுவதும். லாம்டன் 1823-ல் இறந்த பிறகும் வேலை நிற்கவில்லை. 1856-ல் எவரெஸ்ட் சிகரத்துக்கு 29,002 அடி என்று அறிவித்தார்களே, அந்த உயரமும் இந்த முக்கோணப் பின்னலின் வழியே கிடைத்ததுதான்.

அந்தக் கோணங்களை அளக்க லாம்டன் வைத்திருந்த கோணமானியின் (தியோடலைட்) கதையையும் சொல்லியாக வேண்டும். அரை டன் எடை. கடலில் வரும்போது கப்பலோடு பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் போனது. அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அவர்களே மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, வட்டத்தகடு நெளிந்துவிட்டது. வேறொருவர் என்றால் வேலையைக் கைவிட்டிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் திருகாணியும் ஆப்புமாகத் தட்டித் தட்டி அதை நேராக்கினார். அவருடைய மார்பளவுச் சிலை மலை மேல் இருக்கிறது. கடலைப் பார்க்கும் அவசரத்தில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கடல் என்றதும் ஒன்று. கடற்கரையில் நிற்பவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 300 அடி உயரத்தில் அது ஏறத்தாழ 34 கிலோமீட்டருக்கு விலகிப் போகிறது. கரையிலிருந்து தெரியாத கப்பல் மலையிலிருந்து தெரிவது அதனால்தான்.

பக்கத்துப் பல்லாவரம் குன்றுகளின் பாறையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் அந்த வகைதான், அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்ற பெயரும் அவரால் வந்தது. அதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மழை ஓய்ந்த மறுநாள் போங்கள், காற்றில் தூசி அடங்கியிருக்கும். காலையில் கடல் பக்கம் சூரியன் கண்ணைக் கூசும். மாலை நான்கு மணிக்கு வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்கும், கடல் நீலமாகத் தெரியும். வணக்கம்.