நாலு பேர் முன்னால் வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் ஆசிரியர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள், பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்தில் மலையோரப் பள்ளியிலும், அப்புறம் கடற்கரைப் பள்ளியிலும் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் சொல்லப் போவது ஒரே விஷயம்தான். பிள்ளை மரியாதை இல்லாமல் பேசிவிட்டால் அதைக் கண்டிக்க வேண்டும், கட்டாயம் கண்டிக்க வேண்டும், ஆனால் நாலு பேர் முன்னால் வேண்டாம்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையன் எகிறுவது பெரும்பாலும் வாத்தியாரைப் பார்த்து இல்லை, பின் பெஞ்சில் இருக்கிற கூட்டாளிகளைப் பார்த்து. அவர்கள் சிரித்தால் அவனுக்கு அது போதும். நாமும் அதே இடத்தில், அதே கூட்டத்துக்கு நடுவில் பதிலுக்குக் கத்தினால் அவன் பின்வாங்க வழியே இல்லாமல் போய்விடுகிறது. தனியாக நிறுத்திப் பேசினால் அதே பையன் தலையைக் குனிந்துகொள்வான்.

எங்களோடு வேலை பார்த்த ஒரு கணக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பையன் தினமும் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். ஒருநாள் சார் தட்டி எழுப்பினதும், “நீரு ஒமக்க ஜோலியப் பாரும்” என்று சொல்லிவிட்டான். வகுப்பே சிரித்தது. சார் அவனைப் பார்த்து, “இடைவேளையில் வந்து என்னைப் பாரு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தார். ஸ்டாஃப் ரூமில் பெரிய பேச்சு நடந்தது. பிரேயரில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும், டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். சார் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

இடைவேளையில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. சாரும் வற்புறுத்தவில்லை, ஆனால் கவனித்துக்கொண்டே இருந்தார். மழை பெய்கிற நாளில் மட்டும் இந்தப் பையன் விழித்திருக்கிறான், கேட்டதுக்குப் பதில் சொல்கிறான்! நம்ம மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு இதைக் கேட்டதும் புரிந்திருக்கும். ரப்பர் வெட்டு, அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுப்பது, விடியுமுன்னே நடக்கிற வேலை, வெயில் ஏறுவதற்குள்தான் பால் நன்றாக வரும். மழையில் பட்டை நனைந்துவிட்டால் பெரும்பாலும் வெட்டு கிடையாது. அப்பாவுக்கு இடுப்பில் அடி, அதனால் பையன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே ரப்பர் வெட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருக்கிறான். சார் வீட்டுக்கே போய்ப் பேசினார், சனி ஞாயிறு மட்டும் அவன் போனால் போதும் என்று முடிவாயிற்று.

இதோடு விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். “மக்கா, உன் கஷ்டம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அதுக்காக நீ சொன்ன வார்த்தை சரியாகிவிடாது” என்று அவனிடம் நேரடியாகவே சொன்னார். சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அவன் மன்னிப்புக் கேட்டான், பக்கத்தில் வேறு யாரும் இல்லை. வகுப்பில் சார், “அந்த விஷயம் எனக்கும் அவனுக்கும் இடையில் முடிஞ்சுபோச்சு” என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வகுப்பில் வேறு எவனும் அவரிடம் அப்படி வாய் பேசவில்லை.

“அந்தக் காலத்தில் அடித்தார்கள், பயம் இருந்தது, இப்போது சட்டம் கையைக் கட்டிவிட்டது” என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிக்கக் கூடாது, மனதளவில் துன்புறுத்தக் கூடாது என்கிறது. கண்டிக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தக் கணக்கு சார் செய்தது எல்லாமே கண்டிப்புதான், தொட்டுக்கூடப் பேசவில்லை.

அடுத்தது செல்போன். 2022-இல் வகுப்பறையில் பிள்ளைகள் ஆசிரியரிடம் அத்துமீறுகிற வீடியோக்கள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி வந்தன. அப்படி நடந்தால் காரணத்தைச் சான்றிதழிலேயே எழுதி நீக்குவோம் என்று அமைச்சர் சட்டமன்றத்தில் சொல்லும் அளவுக்குப் போனது. அந்த வீடியோக்களை அனுப்பினவர்கள் யார்? பெரும்பாலும் நாம்தான், பெரியவர்கள்தான். ‘காலம் கெட்டுப்போச்சு’ என்று எழுதி குடும்ப குரூப்பில் போடுகிறோம். பார்க்க ஆள் வேண்டும் என்று துடிக்கிற பிள்ளைக்கு ஊரையே கூட்டி உட்கார வைக்கிறோம், அந்த ஆசிரியரையும் திரும்பத் திரும்ப அவமானப்படுத்துகிறோம். தயவுசெய்து அனுப்பாதீர்கள். வந்தால் அழித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் நம்ம மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெருமைதான், ஆனால் படித்தவர்கள் நிறைந்த வீட்டில் வாத்தியாரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கிறது, அது சோறு தின்கிற நேரத்தில் பிள்ளை காதில் விழுகிறது. “அவளுக்கு என்ன தெரியும்” என்று அம்மா சொன்னதை மறுநாள் பிள்ளை வகுப்பில் சொல்கிறது. ஆசிரியர் மேல் குறை இருந்தால் நேரே போய் அவரிடமே கேளுங்கள், அதையும் தனியாகக் கேளுங்கள்.

“அப்பாவைக் கூட்டிட்டு வா” என்பதும் நம்ம ஊரில் பல நேரம் நடக்காத காரியம். அப்பா வளைகுடாவில் இருப்பார், தூத்தூர் பக்கத்தில் ஆழ்கடலுக்குப் போனவர் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கடைசியில் பாட்டி வந்து எல்லார் முன்னாலும் அழுதுவிட்டுப் போவார், பிள்ளைக்கு வைராக்கியம்தான் கூடும். வீட்டில் அவன் யார் சொன்னால் கேட்பான் என்று விசாரித்து அந்த ஒரு ஆளைக் கூப்பிடுங்கள், மாமாவாக இருந்தாலும் அக்காவாக இருந்தாலும் சரி.

பெண் ஆசிரியர்களைப் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவது அதிகம், அதை நான் அனுபவித்திருக்கிறேன். உதவி என்று நினைத்து உடனே ஒரு ஆண் ஆசிரியரைக் கூட்டி வந்து மிரட்ட வைப்பார்கள். அந்த நிமிஷமே, டீச்சர் சொன்னால் கேட்க வேண்டாம் என்று பையன் முடிவு செய்துவிடுவான். ஹெச்.எம். பக்கத்தில் இருக்கட்டும், பேச வேண்டியது அந்த டீச்சர்தான். ஆனால் கை ஓங்குவது, மிரட்டுவது, அசிங்கமாகப் பேசுவது எல்லாம் வேறு. அதை இரண்டு பேருக்குள் முடிக்கக் கூடாது. எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பள்ளி முழுதும் அந்த ஆசிரியர் பக்கம் நிற்க வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கிக்கொள்கிறேன். அதில் குறைந்தது முக்கால் பங்குப் பேர் பெற்றோர்தான். கழிப்பறை, குடிதண்ணீர் பேசி முடித்ததும் இதையும் பேசுங்கள்: ஒரு பிள்ளை எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே யார் பேசுவது, எந்த அறையில் வைத்துப் பேசுவது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆபத்து என்று தோன்றினால் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவிக்கு 14417. வணக்கம்.