சொந்த வீடா, வாடகை வீடா: 80 லட்ச ரூபாய் வீட்டின் கணக்கு

வணக்கம். 'எலி வளையானாலும் தனி வளை' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே வாடகை என்றாலே வீணாகும் பணம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. வங்கிக்குக் கட்டும் வட்டியும் திரும்பி வராத பணந்தான் என்பதை மட்டும் யாரும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை.

சென்னை மேடவாக்கம் பக்கத்தில், கட்டிப் பத்தாண்டுகளான ஓர் அடுக்குமாடி வீடு 80 லட்சம் ரூபாய்க்கு விலைக்கு வருகிறது என்றும், அதே வளாகத்தில் அதே அளவுள்ள வீட்டின் மாத வாடகை 20,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

(திரையில்: கடன் 64 லட்சம், கைப்பணம் 23.20 லட்சம்)

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, இந்த அளவுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் வங்கி தர முடியும். மீதி 16 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து 7.20 லட்சம் ரூபாயை நாமே புரட்ட வேண்டும். இந்த 7.20 லட்சம் பத்திரம் பதிவான அன்றே போன பணம். நாளை வீட்டை விற்றாலும் அது வராது.

(திரையில்: முதல் மாதத் தவணையின் பிரிப்பு)

8.5 விழுக்காடு வட்டியில், 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 55,540 ரூபாய். முதல் தவணையில் 45,333 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 10,207 ரூபாய்தான். ஐந்தாண்டுகள் தவறாமல் 33 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும், கடன் குறைந்திருப்பது சுமார் 7.6 லட்சம் மட்டுமே.

கைப்பணத்தை 6.5 விழுக்காட்டு வைப்பு நிதியில் போட்டிருந்தால் மாதம் 12,500 ரூபாய் வந்திருக்கும். அதையும், வட்டியையும், சொத்து வரி, பழுதுபார்ப்பு என்று 2,000 ரூபாயையும் கூட்டினால், சொந்தக்காரருக்குத் திரும்பாத செலவு தொடக்கத்தில் மாதம் 60,000 ரூபாய், வாடகைதாரருக்கு 20,000. வித்தியாசம் ஆண்டுக்கு 4.80 லட்சம், அதாவது வீட்டு விலையில் 6 விழுக்காடு. போகப்போக வட்டி குறையும், வாடகை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் முதல் சில ஆண்டுகளில் வீட்டின் விலை ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால்தான் இருவரும் சமம். அடுக்குமாடியில் ஏறுவது மனையின் மதிப்பு; கட்டடம் தேய்ந்துகொண்டே போகும். பழைய வீடு வாங்குவோர் 'யூடிஎஸ்' எனப்படும் பிரிக்கப்படாத மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்று முதலில் கேட்பது இதனால்தான். வட்டிக்கு 2 லட்சம் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவும், சொந்தக் குடியிருப்புக்குப் பழைய வரி முறையில் மட்டுமே உண்டு.

ஆண்டு வாடகை விலையில் 3 விழுக்காட்டைத் தாண்டாத இடத்தில், பத்தாண்டுகள் அங்கேயே இருப்போம் என்ற உறுதி இல்லாதவர் வாடகைக்கு இருப்பதே மேல் என்பது என் கருத்து. பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற கவலைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அதன் விலையை அந்தந்தக் குடும்பந்தான் போட வேண்டும்.

தவணைக்கும் வாடகைக்கும் இடையிலுள்ள 35,000 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தொடர் வைப்பிலோ பரஸ்பர நிதியிலோ போடுபவருக்குத்தான் இதெல்லாம் பொருந்தும். போடாமல் செலவழித்துவிடுபவருக்கு, வட்டி போனாலும் வங்கித் தவணையே கட்டாயச் சேமிப்பு; அவர் வாங்கிவிடலாம்.