நகமா, விரலா?

நேயர்களுக்கு வணக்கம். பூனையின் நகத்தை எடுத்துவிடலாமா, கூடாதா? அமெரிக்காவில் பூனை வளர்ப்பவர்களிடையே இது ஓயாத வழக்கு. ‘நகம் எடுப்பது’ என்ற பேச்சே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நம் நகம் சதைமேல் படிந்திருக்கிறது; பூனையின் நகமோ விரலின் கடைசி எலும்பிலிருந்து முளைக்கிறது. அது மறுபடி வளரக் கூடாதென்றால் அந்த எலும்பையே மூட்டோடு எடுத்தாக வேண்டும். முன்னங்கால்களில் மட்டும் செய்தாலும் பத்து விரல்கள் நுனி இழக்கும். லேசரில் செய்தால் பரவாயில்லை என்பார்கள். கருவிதான் மாறுகிறது, போவது அதே எலும்புதான்.

எடுக்கச் சொல்பவர்களை ஈவிரக்கமற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. சோஃபா நார்நாராகிறது, கைக்குழந்தை இருக்கிறது, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பாட்டி இருக்கிறார், வீட்டை வாடகைக்கு விட்டவர் நிபந்தனை போடுகிறார். ‘இதைச் செய்யாவிட்டால் பூனையைக் காப்பகத்தில்தான் விடவேண்டும்’ என்பது அவர்களுடைய வலுவான வாதம்.

ஆனால் அந்த வாதமே திரும்பி வந்து அடிக்கிறது. பூனை விரல்களை ஊன்றி நடக்கும் பிராணி. விரல்நுனி போனால் உடல் எடை பின்னால் சாய்ந்து முதுகு வலிக்கலாம். லிட்டர் பெட்டியில், அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல்பெட்டியில், தோண்டும்போது கால் உறுத்தும். வலியைப் பெட்டியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு, மெத்தையிலும் கம்பளத்திலும் சிறுநீர் கழிக்கத் தொடங்கலாம். அப்புறம் அதற்காகவே காப்பகத்தில் விடத் தோன்றும். நகம் இல்லாத பூனைக்கு மிச்சமிருப்பது பல். கீறலைவிடக் கடி ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும்; பாட்டிக்கு இதுவா பாதுகாப்பு? 274 பூனைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நகம் எடுக்கப்பட்டவற்றில் 63 விழுக்காட்டுக்கு எலும்புத் துணுக்கு உள்ளேயே தங்கியிருந்தது எக்ஸ்ரேயில் தெரிந்தது. தசைநாணை மட்டும் வெட்டும் இன்னொரு முறையும் உண்டு. நகம் இருக்கும், நீட்ட முடியாது. தேயாமல் தடித்து, வெட்டிவிடாவிட்டால் பாதச் சதைக்குள்ளேயே குத்தும்.

மேற்கு ஹாலிவுட் நகரம் 2003இலும், அமெரிக்க மாநிலங்களில் முதலாவதாக நியூயார்க் 2019இலும் நகம் எடுப்பதைத் தடைசெய்தன. பிரிட்டனில் மருத்துவக் காரணம் இல்லாமல் செய்வது குற்றம்.

சரி, சோஃபாவுக்கு என்ன வழி? பூனை பிராண்டுவது குறும்பு அல்ல. நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றுகிறது, உடலை நீட்டி முறுக்கெடுக்கிறது, பாதத்தின் மணத்தைப் பதிக்கிறது. அதனால் பிராண்டும் கம்பம் பூனை முழுதாக நீண்டு நிற்கும் உயரத்தில், சுமார் 80 அல்லது 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒருமுறை ஆடினாலும் மறுமுறை தொடாது; அடிப்பலகை கனமாக இருக்கட்டும். மேலே கற்றாழை நார்க்கயிற்றை நெருக்கிச் சுற்றுங்கள். பலர் செய்யும் தவறு, கம்பத்தை யார் கண்ணிலும் படாத மூலையில் வைப்பது. சோஃபாவை ஒட்டியே வையுங்கள், சோஃபாவின் முனையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டுங்கள். பழகிய பிறகு தினமும் சிறிது சிறிதாக நகர்த்தலாம். தரையில் பிராண்டும் பூனைக்கு, பார்சல் பெட்டிகளில் வரும் நெளிவு அட்டையே போதும்.

இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டுங்கள். விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தக்குழாயும் நரம்பும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னால், கொக்கி முனையை மட்டும் வெட்டுங்கள். பட்டுவிட்டால் சோளமாவை வைத்து அழுத்துங்கள். தரையில் தேயாத கட்டைவிரல் நகத்தை மறக்க வேண்டாம். ஒரே அமர்வில் பத்தையும் முடிக்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். நகத்தின்மேல் பசை வைத்து ஒட்டும் மென்மையான உறை நான்கு முதல் ஆறு வாரம் தாங்கும்.

ஏற்கெனவே நகம் எடுக்கப்பட்ட பூனையைத் தத்தெடுத்திருந்தால் மணலுக்குப் பதில் மென்மையான காகிதத் துகளைப் போடுங்கள், வெளியே தனியாக விடாதீர்கள். பெட்டியைத் தவிர்த்தாலோ, பாதத்தைத் தொட்டதும் சீறினாலோ, அதட்டாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.