பல்லுக்கு ஊன்றும் திருகாணி

வணக்கம். பல் இம்பிளான்ட் வைத்துக்கொள்ள வருகிறவர்கள் முதலில் செலவைக் கேட்பார்கள். அடுத்ததாக, "நல்ல நீளமாகப் போட்டுவிடுங்க டாக்டர், அப்பத்தானே கெட்டியாக நிற்கும்?" என்பார்கள். அந்த நீளத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகாணி. விழுந்த பல்லின் வேர் இருந்த இடத்தில் அது நிற்கும். அதன் தலையில்தான் கேப்பை, அதாவது பல் வடிவிலான மேலுறையைப் பொருத்துகிறோம். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதை 1952இல் ஸ்வீடனில் பேர்-இங்வர் பிரோனமார்க் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் முயல் எலும்பில் கண்டார். 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் வாயில் அதைப் பயன்படுத்தினார்.

அந்த ஒட்டுதல் பெரிய வரம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. உங்கள் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் நார்ச்சவ்வு ஒன்று இருக்கிறது. கல்லைக் கடித்தால் சட்டென்று வாய் திறந்துகொள்கிறதே, அதற்கு அந்தச் சவ்விலுள்ள நரம்பு முனைகள்தான் முக்கியக் காரணம். கடியின் அதிர்ச்சியைத் தணிப்பதும் அந்தச் சவ்வுதான். இம்பிளான்டுக்கு அது கிடையாது. கடிக்கிற விசை முழுவதும் நேரே எலும்பில் இறங்கிவிடும். அதுவும் டைட்டானியம் தாடையின் வெளி எலும்பைவிட ஆறேழு மடங்கு விறைப்பானது. விறைப்பான ஒன்று இளகலான ஒன்றுக்குள் நின்றால், இரண்டும் சந்திக்கத் தொடங்குகிற மேல்விளிம்பில்தான் அழுத்தம் குவியும்.

மாடு கட்டியிருக்கும் முளையைப் பாருங்கள். மாடு பக்கவாட்டில் இழுக்க இழுக்க, முதலில் மண் விடுவது மேல்வாயில்தான், அடியில் அல்ல. இம்பிளான்டும் அப்படித்தான். தாடையைக் கணினியில் லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதிலும் திருகின் கழுத்தை ஒட்டிய முதல் சில மில்லிமீட்டர் எலும்புதான் பெரும்பாலும் சிவப்பாக, அதாவது அழுத்தம் மிகுந்த இடமாகத் தெரியும்.

சரி, முளையை ஒரு முழம் கூடுதலாக இறக்கினால்? ஓர் அளவுக்கு மேல் பெரிய பலன் இல்லை. மேல்வாயில் மண்ணைத் தாங்கிப் பிடிப்பது முளையின் பருமன். இம்பிளான்டிலும் விட்டம் கூடும்போது கழுத்தருகே எலும்பின் அழுத்தம் நன்றாகக் குறைகிறது. நீளம் கூடும்போது குறைவது அதைவிடக் கொஞ்சம்தான். உலோகத்துக்கும் இதில் லாபம் இருக்கிறது. கெட்டியான உருளையாக எடுத்துக்கொண்டால், 3.5 மில்லிமீட்டரிலிருந்து 4.5 மில்லிமீட்டருக்குப் போகும்போது, அதே பக்கவாட்டு இழுப்புக்குத் திருகில் ஏறும் வளைவு அழுத்தம் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்!

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேறோர் இடத்தில் 13 மில்லிமீட்டர் நீளத்தில் இம்பிளான்ட் போட்டிருந்தார்கள். அகலம் வெறும் 3.3. அதன் தலையில் அகலமான பெரிய கடைவாய்ப் பல். ஒல்லிக் குச்சியில் தேங்காயைச் செருகினாற்போல இருந்தது. அவருக்கு இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கமும் உண்டு. எக்ஸ்ரேயில் பார்த்தால், திருகின் கழுத்தைச் சுற்றி எலும்பு கிண்ணம்போலக் குழிந்திருந்தது. அடியில் எலும்பு அசையாமல் அப்படியே இருக்கிறது. மேலேதான் போய்விட்டது. கிருமித் தொற்றாலும் இப்படி எலும்பு கரையும். ஆனால் அவருக்கு ஈறு சுத்தமாக இருந்தது, சீழ் இல்லை.

அதற்காக, "அப்படியானால் பருமனாகவே போடுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். திருகைச் சுற்றி எலும்புச் சுவர் மிஞ்ச வேண்டும். கன்னப் பக்கம் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது வேண்டும். அதைத் தின்றுவிட்டுப் பருமனான திருகைப் போட்டால், மிஞ்சுகிற மெல்லிய சுவர் நாளடைவில் கரையும்.

இப்போது எலும்புக்கு வருவோம். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஸ்வீடனின் லெக்ஹோம், கனடாவின் ஜார்ப் என்ற இரண்டு பல் மருத்துவ அறிஞர்கள் 1985இல் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை ஏறக்குறைய முழுதும் கெட்டி எலும்பு, கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் அதிகம் பார்க்கலாம். நான்காவது வகையில் மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு. மேல்தாடையின் பின்பக்கம் பலருக்கு அப்படித்தான் இருக்கும். டிரில்லைப் பிடித்திருக்கும் கைக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். முதலாவது தேக்குக் கட்டை, டிரில் முனகும், அழுத்தினாலும் இறங்காது. அவசரப்பட்டால் சூடேறும், 47 டிகிரியில் ஒரு நிமிடம் நின்றாலே எலும்பு பாதிக்கப்படும். அதனால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, விட்டு விட்டுத்தான் துளைப்போம். நான்காவது முருங்கைக் கட்டை. தொட்டதும் இறங்கிவிடும், நமக்குத்தான் மனசு பதறும்.

முருங்கைக் கட்டையில் அடித்த ஆணிக்கு உள்ளே பிடிப்புக் குறைவு. பஞ்செலும்பு சுமையைத் தாங்காமல் அதிகமாக நசுங்கும், மேலேயுள்ள மெல்லிய ஓட்டின்மேல் பாரம் ஏறும். ஒரே அளவுத் திருகு, ஒரே கடி. ஆனால் கீழ்த்தாடையின் முன்பக்கம் சிரமமில்லாமல் தாங்குவதை, மேல்தாடையின் பின்பக்கம் தாங்கத் திணறும். ஆகவே அங்கே துளையைச் சற்றுக் குறுகலாகப் போட்டுத் திருகை நெருக்கி இறக்குகிறோம். கேப்பை அகலம் குறைத்து, மேடுகளைத் தாழ்த்திச் செய்கிறோம், பக்கவாட்டு இழுப்பு குறையட்டும் என்று. சில சமயம் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு இணைப்பதும் உண்டு. அப்புறம், காத்திருக்கிறோம். பிரோனமார்க்கின் பழைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம். "பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றைக்கே பல் கட்டிவிட்டார்களே" என்று கோபித்துக்கொள்கிறவர்களிடம் ஸ்கேனைக் காட்டி, அவர் எலும்பு வேறு, உங்கள் எலும்பு வேறு என்று சொல்லிப் புரியவைப்பேன்.

அந்த ஆசிரியருக்குத் திருகை எடுத்துவிட்டு, எலும்பு நிரப்பி, ஆற விட்டு, 4.8 மில்லிமீட்டர் விட்டத்தில், 10 மில்லிமீட்டர் நீளத்தில் புதிதாகப் போட்டோம். முன்பு இருந்ததைவிடக் குட்டை. இரவில் பல்லைக் கடிக்கும்போது விசையைத் தாங்க, பற்களின்மேல் மாட்டிக்கொள்ளும் கடிதட்டும் கொடுத்தோம். எனக்கு வருத்தம் எதில் என்றால், எலும்பு போவதற்கு முன்னாலேயே மூன்று முறை அவருக்குக் கேப் ஆடியிருக்கிறது. வலி இல்லாததால், விரலால் அழுத்திவிட்டு விட்டுவிட்டாராம். நார்ச்சவ்வு இல்லாத இடத்தில் வலி எங்கிருந்து வரும்? கேப் இலேசாக ஆடுகிறது என்று தோன்றினால், அன்றைக்கே வந்து காட்டுங்கள்.