உரமா, களையா? ‘களை’ அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். மப்ளரைக் காதோடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கோத்தகிரிப் பெருமக்களுக்கும் வணக்கம். கை தட்டினால் கை சூடாகும். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

நம் கால்பந்து லீக்கில் வெளிநாட்டு வீரர்கள் உரமா, களையா? ‘உரம்’ என்று பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு குத்து விட்டார். “உருளைக்கிழங்கு தென்னமெரிக்கா, தேயிலை சீனா, கற்பூர மரம் ஆஸ்திரேலியா. இதையெல்லாம் வைத்துப் பிழைக்கிற மலையில் நின்றுகொண்டு வெளிநாட்டான் களை என்கிறார்களே, இவர்கள் வீட்டில் டீயே குடிப்பதில்லையா?” நீங்களும் சிரித்தீர்கள். யார் யார் சிரித்தீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, எதைத் தொட்டாலும் கற்பூர மரத்தைத் தொட்டிருக்கக் கூடாது. 1843இல் இந்த மலைக்கு வந்த மரம் அது. வாட்டில் என்கிற சீகை மரமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. விறகு கொடுத்தது, தைலம் கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் எங்கே நட்டார்கள்? மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்து ஓடைக்கு விடுகிற புல்வெளியில்! மரம் நெடுநெடுவென்று வளர்ந்தது, அடியிலிருந்த புல் செத்தது. சீகையை வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கும். தீ வைத்தால் மண்ணில் கிடக்கிற விதையெல்லாம் கூட்டமாக முளைக்கும். இன்றைக்கு வனத்துறை அதைப் பிடுங்கவே படாத பாடு படுகிறது.

அதே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்கை யாராவது திட்டுகிறோமா? தேயிலைக்கு நடுவே இடைவெளி விட்டு நிழலுக்கு வைக்கிறோம். மழைக்கு முன்னால் கிளை கழிக்கிறோம். மிளகுக்கொடியும் ஏற்றிவிடுகிறோம். கழிக்காமல் விட்டுப் பாருங்கள், இருட்டடைந்து கொழுந்து குறையும், தேயிலை இலையில் கொப்புள நோய் வரும். ஒரே நாட்டு மரம்தான். நட்ட இடமும் கழிக்கிற கத்தியும்தான் வேறு.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள். நம் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக், 2014இல் தொடங்கியபோது களத்தில் 6 வெளிநாட்டினர் வரை இறங்கலாம். 2017இல் அது 5 ஆனது, 2021இல் 4. “அதான் குறைச்சாச்சே!” என்கிறார் அண்ணன். அந்த நாலு பேரையும் பயிற்சியாளர் எங்கே நிறுத்துகிறார்? ஒருவர் சென்டர் பேக், அதாவது தற்காப்பின் நடுவில்; இருவர் நடுக்களம்; ஒருவர் சென்டர் ஃபார்வர்டு, கோல் போடுகிற இடத்தில். முதுகெலும்பு முழுக்க அவர்கள். நம் பையனுக்கு ஓரத்தில் ஓடுகிற வேலை. பயிற்சியாளரையும் குறை சொல்ல முடியாது. நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் அவர் பெட்டியைக் கட்ட வேண்டும். பையன் தேறும்வரை காத்திருப்பாரா, தேறி வந்த முப்பத்திரண்டு வயதுக்காரரை இறக்குவாரா?

இந்திய அணியின் கோல் மன்னன் சுனில் சேத்ரி ஆடவில்லையா என்று கேட்பீர்கள். பெங்களூரு அணியில் மிக்கு என்ற வெளிநாட்டு வீரர் நடுவில் நின்ற சீசனில், நம் சேத்ரியே இடப்பக்கம் ஒதுங்கி ஆடினார், ஐயா!

அண்ணனுடைய பெரிய வெடி, வெளிநாட்டு வீரர் மான்ஸி. “2019, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி அணிக்கு ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் கோப்பையை வாங்கிக் கொடுத்தது யார்? 21 கோல் போட்ட பெத்ரோ மான்ஸி!” சரி. இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் அடுத்த ஊரில் நடந்த கதை. அதை நான் சொல்கிறேன், பொறுமையாக.

மார்ச் 9, கடைசி நாள். ஜெயித்தால் கோப்பை. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு புள்ளி பின்னால் நிற்கிறது. எதிரே மினர்வா, முந்தைய வருடச் சாம்பியன். மூன்றாவது நிமிடம்... டீ ஆர்டர் பண்ணவனுக்கு டீ வரவில்லை, கோல் வந்துவிட்டது! மினர்வா 1, நாம் 0. இடைவேளை வரைக்கும் அதே. 56ஆவது நிமிடம் பெனால்டி. மான்ஸி அடித்தார், 1-1. கை தட்டுங்கள், நானும் தட்டுகிறேன். ஆனால் அண்ணன் கதையை இங்கேயே முடித்துவிட்டார்! 1-1 என்றால் சென்னைக்கு 41 புள்ளி. கோழிக்கோட்டில் ஜெயித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. கோப்பை கொல்கத்தாவுக்கு ரயில் ஏறியிருக்கும்! 69ஆவது நிமிடம் இரண்டாவது கோலைப் போட்டது யார்? கௌரவ் போரா. 90 தாண்டி மூன்றாவது? மறுபடியும் போரா. கோல் போடுவது வேலையே இல்லாத தற்காப்பு வீரர். இந்தியப் பையன்! அண்ணே, மூணாவது கோல் யாரு? சத்தமாச் சொல்லுங்க. கேக்கலை.

இடத்தைக் கொடுத்தால் போடுவான். கொடுக்காததற்குக் கணக்கு வேண்டுமா? ஐ.எஸ்.எல்.லில் 2014 முதல் 2024-25 வரை 11 சீசன். அதிக கோலுக்கான தங்கக் காலணி பிரேசிலுக்குப் போனது, கொலம்பியாவுக்குப் போனது, ஸ்பெயின், லிதுவேனியா, நைஜீரியா, கிரீஸ், மொராக்கோ என்று போனது. பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடமே நடத்தலாம். ஒரு முறைகூட இந்தியக் காலுக்கு வரவில்லை. விளைவு? இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றுப் போன சேத்ரியை 2025 மார்ச்சில் 40 வயதில் அணிக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்து மாலத்தீவுக்கு எதிராக கோலும் போட்டார் அந்த மனிதர். எனக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

நடுவரே, கணக்கை விடுங்கள். இந்த மலையில் சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் பந்து தெரியாது. ஆனாலும் ஆடுவார்கள். “டேய், இங்க, இங்க” என்ற குரலைக் கேட்டுத்தான் பாஸ். அங்கே ஒருத்தன் முதுகில் 9, சென்டர் ஃபார்வர்டு போடுகிற எண், போட்டிருப்பான், சுண்ணாம்புக் கலரில், வீட்டில் எழுதியது. அவன் அம்மா அந்நேரம் பசுந்தேயிலை மூட்டையை எடைக்குத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். பூட்ஸ் அவள் வாங்கிக் கொடுத்தது, அளவு ஒன்று பெரிதாக, அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று. முன்னால் காகிதம் திணித்துப் போட்டிருக்கிறான். அந்த 9ஐ அவன் எங்கே போய்க் கழற்றி வைப்பான்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம் ஐயா, பந்து தேயிலைக்குள் போய்விட்டது, பையன் தேடிக்கொண்டிருக்கிறான்.